சனிக்கிழமை பதிவுத் திருமணம், புதன்கிழமை தாடையில் பரு

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கீழுதட்டுக்கு இடப்பக்கம், தாடையில், தொட்டால் விண்ணென்று தெறித்தது. தோலுக்கு அடியில் ஒரு துவரம்பருப்பை ஒளித்து வைத்த மாதிரி உருண்டையாக, சூடாக, முனை எதுவும் இல்லாமல். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குக் கோயிலில் பதிவுத் திருமணம். போட்டோ எடுக்க ஆள் சொல்லி, பட்டுப்புடவைக்கு பிளவுஸ் தைத்து வாங்கி, எல்லாம் தயார். நடுவில் இருப்பது மூன்றே நாள்.

இரண்டு கட்டைவிரல் நகமும் தானாக அங்கே போய்விட்டன. அழுத்துவதற்குள் கையை எடுத்துவிட்டேன் என்றால், அதற்கு ஒரே காரணம் எனக்கு 19 வயதில் நடந்தது.

அப்போது மாமா மகள் கல்யாணம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இதே மாதிரி ஒன்று வந்தது. முந்தின நாள் இரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நகத்தால் நசுக்கினேன், வரவில்லை என்று ஊக்கை எடுத்துக் குத்தினேன், கொஞ்சம் இரத்தம் வந்தது, அவ்வளவுதான். காலையில் எழுந்தால் மேலுதடு தடித்து, வீக்கம் கன்னம் வரை ஏறி, உடம்பு கொதித்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை, கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்து, மூக்கின் மேல்தண்டிலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரை கோடிழுத்து ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். இந்த இடத்து இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போகும் நாளங்களோடும், அதன் வழியாக மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு பெரிய நாளத்தோடும் சேர்கின்றன, இங்கே கிருமியை உள்ளே தள்ளினால் அது மேலே ஏற வழியிருக்கிறது, ரொம்ப அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் வீக்கம் இறங்கியது. அரிசி முனை அளவு ஒரு குழி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. பருவை அப்படியே விட்டிருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும்.

அதனால் இந்த முறை எனக்குள் ஒரு முடிவு இருந்தது. மூன்று நாளில் பருவை முழுசாக ஒழிக்க முடியாது. வீக்கத்தையும் வலியையும் குறைக்கலாம், சிவப்பை அடக்கலாம், மேக்கப் ஒழுங்காக உட்காரும் அளவுக்குத் தட்டையாக்கலாம். இந்த அளவோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பாதபோதுதான் நாம் அவசரப்பட்டு நகத்தையும் பற்பசையையும் எடுக்கிறோம், அந்த அவசரம் விடும் தழும்பு பருவைவிடப் பல மாதம் கூடுதலாக நிற்கிறது.

'திடீரென்று' வந்தது என்கிறோமே, அதுவும் உண்மையில் திடீர் இல்லை. தோலில் மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. உதிர வேண்டிய செத்த தோலும் எண்ணெயும் சேர்ந்து அந்தத் துளையை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், எப்போதும் தோலில் இருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்க்கிறது, வீக்கமும் சிவப்பும் வருகின்றன. அடைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் சில வாரம் முன்னாலேயே தொடங்கியிருக்கும். நேற்று ராத்திரி சாப்பிட்ட மீ கோரெங்கைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. எனக்கு மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் தாடையில் வரும், அது ஹார்மோன். அதோடு நான் இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் வரை தினமும் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட் வார் உரசும் இடமும் இதேதான், வேலையிடத்தில் மாஸ்க் வியர்வையும் இதே இடத்தில்தான்.

வேலை எனக்கு ஃபேக்டரியில், தூசு அண்டவிடாத கிளீன்ரூமில். தலைமூடி, மாஸ்க், கையுறை எல்லாம் போட்டு, கண் மட்டும் வெளியே தெரியும். பவுடர், மேக்கப் எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள், அந்தத் தூள் பொருளில் ஒட்டினால் பொருளே வீண். அதனால் பகலில் நான் எந்தக் களிம்பும் போட முடியாது. முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் அதுவே நல்லதாகப் போயிற்று, பகல் முழுக்க முகத்தை விரலால் தொடக்கூட வழியில்லை.

காலை பத்து மணி ஓய்வில் கேன்டீன் தண்ணீர்க் கடையில், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாவிடம் ஒரு கப்பில் ஐஸ் மட்டும் கேட்டேன். கைக்குட்டையை இரண்டு மடிப்பு மடித்து, அதற்குள் இரண்டு கட்டி வைத்து, தாடையில் ஐந்து நிமிடம் ஒற்றினேன். அப்புறம் பத்து நிமிடம் விட்டு, திரும்ப ஐந்து நிமிடம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, குளிரும் தோலைச் சுடும், அது தனியாக ஒரு கறுப்புத் தழும்பு விடும். மதியமும் அதே மாதிரி செய்தேன். சாயங்காலம் வலி பாதியாகிவிட்டது. உள்ளே இருப்பது அங்கேயேதான் இருந்தது, ஆனால் வீக்கம் இறங்கியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. முனை கட்டாத, வலிக்கிற பருவுக்கு முதல் நாள் செய்ய இதைவிட நல்ல காரியம் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு வைத்தியம். அம்மா கையில் ஜாதிக்காய். பினாங்கில் பாலேக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருப்பதால் எங்கள் வீட்டில் அது இல்லாத நாளே கிடையாது.

"சந்தனக்கல்லுல உரசிப் போடும்மா, ரெண்டு நாள்ல அமுங்கிரும். எனக்கெல்லாம் ஆயா இதத்தான் போட்டாங்க."

"அம்மா, எனக்கு ஒத்துக்குமான்னு தெரியாதும்மா. சனிக்கிழமைக்கு அப்புறம் போட்டுப் பாக்குறேன்."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் அவரை மறுத்துப் பேசவில்லை, உண்மையில் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். ஜாதிக்காயில் காரமான எண்ணெய் இருக்கிறது, சிலருக்கு அது தோலை எரித்துச் சிவக்க வைக்கும், யாருக்கு என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால் புதிதாக எதையும் நேராக முகத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு. அத்தை போன் பண்ணி பற்பசை வைக்கச் சொன்னார். பற்பசை காய்ந்து இழுக்கும்போது வேலை செய்கிற மாதிரி தோன்றும், ஆனால் அதிலிருக்கும் புதினா எண்ணெயும் நுரை தரும் சரக்கும் பல்லுக்குச் செய்தவை, முகத்தோலில் புண் ஆக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது எலுமிச்சைச் சாறு. இதற்கு மட்டும் நான் அவரிடமே நேராகச் சொன்னேன், வேண்டாம் அக்கா, பிள்ளைகளுக்கும் போடாதீர்கள் என்று. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துப் போகும். நம் ஊர் வெயிலில், மோட்டார் சைக்கிளில் போகிற எனக்கு, அதைவிட மோசமான யோசனை கிடையாது.

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் ஃபார்மசிக்குப் போனேன். அங்கே இருந்த சீனப் பெண் மருந்தாளர் சின்ன வயசுதான், ஆனால் பொறுமையாக மலாயில் கேட்டார்: கர்ப்பமா, வேறு ஏதாவது மருந்து போடுகிறீர்களா, முன்னால் ஏதாவது களிம்பு ஒத்துக்காமல் போயிருக்கிறதா. இந்த மூன்று கேள்வியும் கேட்காமல் களிம்பை நீட்டுகிற கடையில் நான் இனி வாங்கமாட்டேன். பென்சாயில் பெராக்ஸைடு 2.5 விழுக்காடு ஜெல் எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே 5, 10 என்றும் இருந்தன. அவசரமாக இருக்கிறதே, 10 கொடுங்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். கிருமியைக் கொல்வதில் 2.5-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சலும் வறட்சியும்தான் கூடும், உங்கள் நிறத்துத் தோலில் எரிச்சல் பட்ட இடம் கறுத்துவிடும் என்றார். சாலிசிலிக் ஆசிட் போட்ட திரவம் ஒன்றையும் கையில் எடுத்திருந்தேன், அதைத் திரும்ப வைக்கச் சொன்னார். அது அடைப்பை மெல்லக் கரைப்பது, கரும்புள்ளிக்கு நல்லது, நாள் எடுக்கும், இரண்டையும் ஒரே இரவில் ஒரே இடத்தில் போட்டால் தோல் உரியும்.

போடும் முறையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். மென்மையான ஃபேஸ்வாஷில், தேய்க்காமல் விரல் நுனியால் கழுவி, துண்டால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். முதல் முறை என்றால் தாடைக்கு அடியில் கழுத்தோரம் துளி வைத்துப் பார்க்க வேண்டும், வீங்கினாலோ கடுமையாக அரித்தாலோ போடவே கூடாது. ஒத்துக்கொண்டால் பருவின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக ஒரு பூச்சு, ராத்திரி மட்டும். கெட்டியாக அப்பினால் சீக்கிரம் போகும் என்பது தவறு. அது காய்ந்தபின் முகம் முழுக்க சாதாரண மாய்ஸ்சரைசர், எண்ணெய்ப் பசை இல்லாதது. பரு இருக்கும்போது மாய்ஸ்சரைசரா என்று நானும் நினைத்தவள்தான். வறண்ட தோல் சீக்கிரம் புண்ணாகிறது, அதனால் அது வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம், அவர் சொல்லியும் நான் மறந்தது. இந்த ஜெல் துணியை வெளுக்க வைக்கும். அம்மா தீபாவளிக்கு வாங்கிய அரக்குக் கலர்த் துண்டில் மறுநாள் காலை முகம் துடைத்தேன், காய்ந்ததும் அதில் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அளவு ஒரு திட்டு. துவைத்தால் போகாது, சாயமே போய்விட்டது. அந்தத் திட்டைப் பார்த்த பிறகுதான் பீரோவில் தொங்கிய பட்டுப்புடவை நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்தது. அன்றைக்கே வெள்ளைத் தலையணை உறை மாற்றினேன், ஜெல் போட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடவில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெல்லே போடவில்லை. பட்டு கட்டப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பருவின் நடுவில் வெள்ளையாக ஊசி முனை அளவு ஒன்று தெரிந்தது. நகம் துடிப்பது இந்தக் கட்டத்தில்தான். நான் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை, கை தாங்கும் சூட்டில், பத்து நிமிடம் வைத்தேன். முனை கட்டும் முன் ஐஸ், கட்டிய பின் இளஞ்சூடு, இதை மாற்றிச் செய்யாதீர்கள். தூங்கும் முன் ஒரு பருப் பட்டை ஒட்டினேன். ஹைட்ரோகொல்லாய்ட் என்று டப்பாவில் இருக்கும், புண்ணுக்கு ஒட்டும் அதே சரக்கு, பொட்டு அளவில் வெட்டி வைத்திருப்பார்கள். அது கசிவை உறிஞ்சும், அதைவிட முக்கியம், விரல் அங்கே போகாமல் தடுக்கும். அடியில் ஜெல்லோ மாய்ஸ்சரைசரோ இருந்தால் ஒட்டாது, அதனால் அந்த இரவு அந்த இடத்தில் மட்டும் வேறெதுவும் போடவில்லை. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த பட்டை நடுவில் பால் வெள்ளையாக உப்பி இருந்தது. ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். பரு தட்டையாகிவிட்டது. சிவப்பு இருந்தது, கொஞ்சம் பொருக்கு இருந்தது, மேடு இல்லை. முனை கட்டாத ஆழமான பருவில் இந்தப் பட்டை ஒன்றும் உறிஞ்சாது, முதல் நாளே ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு. ஹெல்மெட்டின் உள் பஞ்சைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்தேன், வாரைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபின் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதைச் செய்கிறேன். தேங்காய் எண்ணெய் தலைக்கு வைத்துத் தூங்கும் பழக்கத்தையும் விட்டேன். அது நெற்றி, கன்னம் எல்லாம் இறங்கித் துளையை அடைக்கும், எண்ணெய்க் குளியலென்றால் வைத்து, ஊறவிட்டு, அன்றைக்கே அலசிவிடுவது நல்லது.

சனிக்கிழமை மேக்கப் போட வந்த அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், ஸ்பஞ்சும் பிரஷ்ஷும் கழுவியதா என்று. கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கோபிக்கவில்லை, பையைத் திறந்து புது ஸ்பஞ்சு எடுத்தார். பொருக்கை உரிக்கப் போனவரை நிறுத்தி, மாய்ஸ்சரைசர் வைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டோம், பொருக்கு படிந்துவிட்டது. பீச் நிறத்தில் ஏதோ ஒரு துளி வைத்து, அதன் மேல் என் நிறம். சிவப்பை மறைக்க என்று நம் நிறத்துக்குப் பச்சைக் கலர் வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி காட்டும் என்று அவர் சொன்னது சரிதான். போட்டோவில் தேடினால் எனக்கு மட்டும் தெரிகிறது.

பரு போனாலும் அதன் பழுப்பு நிழல் ஆறு வாரம் இருந்தது. நம் தோலில் வீக்கம் பட்ட இடமெல்லாம் நிறமி கூடிவிடும், வெயில் அதை இன்னும் கறுக்க வைக்கும். நான் செய்தது தினமும் காலையில் எஸ்பிஎஃப் 30-க்கு மேல் சன்ஸ்கிரீன், லீவு நாளிலும். வேறு எதுவும் போடவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், கறையைப் போக்குகிறேன் என்று நான் 22 வயதில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டப்பா கிரீம் வாங்கியவள். ஒரு வாரத்தில் பருவெல்லாம் மறைந்தது, முகம் வெளுத்தது, எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். தீர்ந்துபோய் நிறுத்தினேன். பத்து நாளில் முகமெல்லாம் சிவந்து, எரிந்து, முன்னால் இல்லாத இடத்திலெல்லாம் பரு. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். தோல் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. ஒரே வாரத்தில் அதிசயம் காட்டும் கிரீமைச் சந்தேகப்படுங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும், அதைச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்ததாகக் கண்டுபிடித்து ரத்து செய்த பொருள்களின் பெயரையும் அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. டப்பாவில் எண்ணே இல்லையென்றால் தேடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

விசேஷம் நாளைக்கே, பரு பெரிசாக, ஆழமாக இருக்கிறது என்றால் தோல் மருத்துவர் அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார், ஓரிரு நாளில் வற்றிவிடும். என் சித்தி மகன் போட்டுக்கொண்டான். வற்றியது, ஆனால் அந்த இடம் குழிந்து, நிரம்ப நாலைந்து மாதம் ஆயிற்று. மருந்து கொஞ்சம் கூடினாலும் அப்படி ஆகலாமாம். ஊசியை வேண்டாம் என்று சொல்லவில்லை, இதைக் கேட்டுக்கொண்டு போடுங்கள் என்கிறேன்.

எல்லாமே பருவும் இல்லை. உதட்டோரம் சுரீரென்று குத்தி, கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது அக்கி வகை, அதற்கு மருந்து வேறு. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சாதாரணம், பரு மருந்துக்கு அடங்காது. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் அது களிம்பு விஷயமே இல்லை, ஹார்மோனைப் பார்க்க வேண்டும். வீக்கம் பரவினால், காய்ச்சல் வந்தால், கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ, இரவானாலும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். மற்றபடி அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், காலையில் சீக்கிரம் போய் நம்பர் எடுத்தால் போதும்.

போன வாரம் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பதினைந்து வயசு, ஞாயிற்றுக்கிழமை நடன நிகழ்ச்சி, மேலுதட்டுக்கு மேலே சிவப்பாக ஒன்று. "அத்தை, இத நசுக்கிடவா? பிரெண்ட் நசுக்கச் சொல்றா." எனக்குக் கை நடுங்கிவிட்டது, அதே இடம். உடனே போன் போட்டேன்.

"கைய எடு கண்ணு. ஐஸ் இருக்கா வீட்டுல? கைக்குட்டைல சுத்தி அஞ்சு நிமிஷம் வை. அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை, திட்டுவாங்க."

"திட்டமாட்டாங்க, நான் பேசுறேன். பட்டை என்கிட்ட இருக்கு, ஷிஃப்டு முடிஞ்சதும் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் கண்ணாடி பக்கமே போகாத."

ஏழு மணிக்கு வேலை முடிந்து, எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈரக் கைக்குட்டையை முகத்தில் வைத்தபடியே வந்து கதவைத் திறந்தாள்.